கடற்கரை மேரி கட்டடம்

நம்ம நெல்லித்தோப்பில் யாரைக் கேட்டாலும் "பீச்சுல மேரி பில்டிங்" என்று வழி சொல்வார்கள். மேரி மாதா பெயர் என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. அது இல்லை! பிரெஞ்சில் 'மேர்' என்றால் நகரத் தலைவர். அவருடைய அலுவலகம் 'மேரி'. இதற்கு 'ஒத்தேல் தெ வீல்' என்றும் ஒரு பெயர் உண்டு. சாப்பாட்டு ஓட்டல் என்று உள்ளே போய்விடாதீர்கள்!

காந்தி சிலையிலிருந்து தெற்கே நடந்தால் கடலைப் பார்த்தபடி நிற்கும் இந்த இரண்டு மாடிக் கட்டடத்தை 1870-71இல் கட்டினார்கள். 1880 மார்ச் 12ஆம் தேதி வந்த பிரெஞ்சு ஆணையால் புதுச்சேரியில் நகரசபை உருவானது. ஆனால் ஐரோப்பியர்களுக்கு ஒரு வாக்காளர் பட்டியல், நம்மவர்களுக்கு வேறு பட்டியல். ஊர் ஒன்றுதான், பட்டியல் மட்டும் ரெண்டு!

பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் பதிவது நகரசபை வேலை. பிரெஞ்சு குடியுரிமை உள்ள நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு அந்தப் பதிவுதான் உயிர். தாத்தா பிறந்ததற்கு ஒரு தாள் இல்லாவிட்டால் பேரன் அலைய வேண்டியதுதான்.

இனி கட்டுமானம். அந்தக் காலத்தில் சிமெண்ட் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். கூரைக்கு 'மெட்ராஸ் டெரஸ்' முறை. அதாவது தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தலாகச் சாய்த்து அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் தட்டிக்கிட்டே இருப்பாங்க. கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. வீடு குளுகுளுன்னு இருக்கும். ஆனால் தண்ணீர் இறங்க விடக்கூடாது. இறங்கினால் உத்திரம் உளுத்துப்போகும், சுண்ணாம்பு கரையும்.

மேரிக்கும் பராமரிப்பு போதவில்லை. 2014 நவம்பர் 29, கனமழை நேரத்தில் அப்படியே சரிந்து விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பிறகு உலக வங்கி உதவியோடு, அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25இல் பிரதமர் திறந்துவைத்தார். இப்போது நாம் பார்ப்பது அந்தப் புதுக் கட்டடம்தான். 150 வயசுன்னு சொல்லி வெளியூர்க்காரங்களை ஏமாத்தாதீங்க!

இன்னொரு வேடிக்கை: 1973 நகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு இங்கே மேயர் பதவியே கிடையாது, சேர்மன்தான். நகராட்சித் தேர்தலும் 1968க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006இல்தான் நடந்தது.

சாயங்காலம் 6 மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டாங்க. அப்போது எதிரே நின்று வளைவுகளை நிதானமாக எண்ணிப் பாருங்கள்.