‘அது எப்படித் தெரியும், டீச்சர்?’: வரலாற்று வகுப்புக்கு ஐந்து செயல்திட்டங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால் அத்தனை கைகளும் உயரும். ராஜராஜ சோழன். சரி, அது எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். “புக்குல இருக்கு சார்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கேள்விக்கு ஆளுக்கொரு விடை இருந்தது. கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் சொன்னது. காடுவெட்டிச் சோழன் என்றார்கள் வேறு சிலர். 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் உல்ட்ஸ், கோயில் சுவரிலிருந்த எழுத்துகளைப் படித்து வெளியிட்ட பிறகே ராஜராஜன் பெயர் ஐயமில்லாமல் நிலைத்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுவரும் எழுத்தும் அங்கேயேதான் இருந்தன. அதைப் படிப்பார்தான் இல்லை.

வரலாற்று வகுப்பின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. ஆனால் வளரறி மதிப்பீட்டு வாரம் வந்தால் நடப்பது வேறு. பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் தெர்மாகோலும் சார்ட்டும் விற்றுத் தீர்கின்றன. அச்சிட்ட படங்களை ஒட்டி, கலர் பேனாவால் கட்டம் போட்டு, ஒப்படைத்து, மதிப்பெண் வாங்கியதும் சார்ட் பீரோவின் மேல் ஏறிவிடுகிறது. இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து தெர்மாகோலை வெட்டியது பெரும்பாலும் அம்மாதான்.

ஒரு செயல்திட்டம் உருப்படியானதா என்று பார்க்க ஒரே அளவுகோல் போதும். முடிவில் அந்த மாணவர் ‘இது எனக்கு எப்படித் தெரியும் என்றால்...’ என்று தொடங்கிப் பேச வேண்டும். அப்படிப் பேச வைக்கும் ஐந்து வேலைகளை இங்கே பார்க்கலாம். எல்லாம் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு ஏற்றவை.

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை

ஜூன் மாதத்தில் இதிலிருந்து தொடங்கலாம். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பழைய காகிதம் கொடுக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, அஞ்சலகப் பாஸ்புக், பேருந்துச் சீட்டு என்று எதுவாகவும் இருக்கலாம். யார் எழுதியது, எப்போது, யாருக்காக, எதற்காக, இதில் யாருடைய பெயர் இல்லை? இந்த ஐந்து கேள்விகளுக்கும் காகிதத்தை மட்டும் பார்த்து விடை எழுத வேண்டும்.

கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கிய குழு கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகக் கவனிக்கும். அழைப்பவர்கள் பட்டியலில் அத்தனையும் ஆண்கள் பெயராக இருக்கும். மணமகளின் படிப்பு போட்டிருக்காது. ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். இதுதான் ஆவணம் வாசிக்கும் பயிற்சி.

ஒரு எச்சரிக்கை. காகிதத்தை வீட்டிலிருந்து கொண்டுவா என்று கட்டாயப்படுத்தக் கூடாது. சில வீடுகளில் பழைய காகிதமே இருக்காது. சில காகிதங்களில் சாதியும் கடனும் எழுதியிருக்கும். ஆசிரியரே பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு பொறுக்கி வைத்துக்கொள்வது நல்லது.

புள்ளி இல்லாத தமிழ்

அடுத்தது கல்வெட்டு. கரும்பலகையில் ‘இவவூர எரி’ என்று எழுதிவிட்டு வகுப்பைப் படிக்கச் சொல்ல வேண்டும். திணறுவார்கள். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது, சொற்களுக்கிடையே இடைவெளியும் விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் யாராவது ஒரு பெண் ‘இவ்வூர் ஏரி’ என்று கத்திவிடுவாள். ‘எரி’யா ‘ஏரி’யா என்பதை எப்படி முடிவு செய்தாய் என்று அவளிடம் உடனே கேட்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்து என்பாள். கல்வெட்டு வாசிப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

பிறகு மைப்படி. கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி எழுத்தை எடுக்கும் முறைக்கு அதுதான் பெயர். உண்மையான கல்வெட்டில் இதை அனுமதியில்லாமல் செய்யக் கூடாது என்பதால், வகுப்பிலேயே ஒரு கல்வெட்டை உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு தட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றி, அது இறுகும் பதத்தில் ஆணியால் நான்கு வரி கீற வேண்டும். வாசகத்தை மாணவர்களே எழுதட்டும்: பள்ளிக்கு யார் என்ன கொடுத்தார்கள், எந்த ஆண்டு, அதைக் காப்பவர் யார். சோழர் காலக் கொடைக் கல்வெட்டுகளின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான்.

பலகை நன்றாகக் காய்ந்த பிறகு அதைத் தண்ணீரால் துடைத்து, நனைத்த கெட்டித் தாளை மேலே விரிக்க வேண்டும். காற்றுக் குமிழ் இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, முள் தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தாள் பாதி காய்ந்ததும், துணியில் பஞ்சு வைத்துக் கட்டிய பொட்டலத்தை மையில் தோய்த்து, வடித்துவிட்டு, மெல்ல ஒற்ற வேண்டும். மேடான இடமெல்லாம் கறுக்கும். பள்ளத்தில் இறங்கிய எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். ஈரம் கூடிப்போனால் மை ஊறிப் பரவிவிடும். முழுக்கக் காய விட்டால் தாள் எழும்பிவிடும். முதல் இரண்டு தாள் கெட்டுப்போகத்தான் செய்யும், விட்டுவிடலாம். மூன்றாவதில் எழுத்து மேலே வரும்போது பலகையைச் சுற்றி மொத்த வகுப்பும் நிற்கும்.

ஊர்க் கோயிலுக்குப் போகும் நாளில் தாளும் மையும் வேண்டாம். சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ எழுத்தின் மேல் பூசவே கூடாது, கல் கெட்டுவிடும். செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் கீறலுக்குள் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். அப்போது இன்னொரு போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் இப்படிக் கல்வெட்டு வாசிக்கவும் படியெடுக்கவும் பழகியவர்கள். இது கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டிய வித்தை என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

தொட்டிக்குள் ஒரு கீழடி

கீழடி அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி பொது ஆண்டுக்கு முன் 580 என்று காலம் காட்டியதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிக்கை வெளியிட்டது. 580 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு முன்னால் உள்ள 353-தான் வகுப்பில் பேச வேண்டியது. எந்த ஆழத்தில் கிடைத்தது என்று குறித்து வைக்காவிட்டால் அங்கே கிடைத்த, ஆதன் என்று பெயர் பொறித்த பானை ஓட்டுக்கும் பாதி மதிப்பு போய்விடும்.

இதைப் புரியவைக்க ஒரு பழைய மீன்தொட்டி போதும். அடியில் செம்மண்ணும் உடைந்த சட்டி ஓடுகளும். அதன்மேல் அடுப்புச் சாம்பல், கரி. அதற்கு மேல் மணலோடு கண்ணாடி வளையல் துண்டுகளும் ஒரு 25 காசும். உச்சியில் பாட்டில் மூடி, மிட்டாய்த் தாள். மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி மறைத்துவிட வேண்டும். ஓர் ஓரத்தில் குச்சியால் துளை போட்டு, மிட்டாய்த் தாள் ஒன்றைச் சட்டி ஓடுகள் வரை தள்ளி மூடிவிடுவது முக்கியம். அது எலி வளை.

கரண்டி, பெயின்ட் பிரஷ், ஸ்கேல், நூல் கட்டிய கட்டம், ஆழம் குறிக்க ஒரு நோட்டு. ஒருவர் தோண்ட, ஒருவர் அளக்க, ஒருவர் வரைய, ஒருவர் எழுத வேண்டும். காசில் 1988 என்று இருந்தால் அந்த அடுக்கு 1988-ஐச் சேர்ந்தது என்று அவசரப்பட்டு எழுதுவார்கள். 25 காசு 2011 ஜூன் வரை செல்லுபடியானது. அதற்குப் பிறகும் யாரோ கீழே போட்டிருக்கலாம். அந்த அடுக்கு 1988-க்கு முந்தியதல்ல என்பதற்கு மேல் காசு எதையும் சொல்லாது. மிட்டாய்த் தாள் சட்டி ஓட்டோடு கிடைக்கும்போது வகுப்பில் சண்டையே வரும். வரட்டும். துளையின் மண் நிறம் வேறாக இருப்பதை யாராவது கவனிக்கும்வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது.

வெளியே எங்காவது உண்மையான பழம்பொருள் தட்டுப்பட்டால் தோண்டாமல், இடத்தைப் படமெடுத்துக் கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்ல வேண்டும் என்பதையும் இந்த வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

குடத்தில் ஓலை

உத்திரமேரூர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) குடத்தில் ஓலை போட்டு ஆளெடுத்த குடவோலை முறையைப் பாடநூல் பாராட்டுகிறது. அதை நடத்திப் பார்த்தால்தான் அதன் நுட்பமும் குறையும் சேர்ந்து தெரியும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள் இதற்கு மூலம். இரண்டு பாடவேளை ஒதுக்க வேண்டும்.

முதல் பாடவேளையில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆளின் விவரம் எழுதிய அட்டை. ஒருவருக்குக் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 40, வேதப் பயிற்சி உண்டு. இன்னொருவருக்கு எல்லாம் இருந்தும் வயது 34. ஒருவர் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர். இன்னொருவர் அவருக்கு நெருங்கிய உறவு. மற்றொருவருக்கு அரைக்கால் வேலி நிலம்தான், ஆனால் கூடுதல் கல்வி உண்டு. சில அட்டைகளில் குயவர், உழவுத் தொழிலாளி, ஒரு பெண்.

921-ஆம் ஆண்டு விதிகளைப் பலகையில் எழுதி, தகுதி உள்ளவர்கள் எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். வயது 35 முதல் 70 வரை. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. நிலம் குறைந்தவரைக் கல்வி ஈடுகட்டும். நாற்பது பேரில் ஏழெட்டுப் பேர்தான் எழுவார்கள். பெண் என்ற அட்டையைக் கையில் வைத்திருப்பவர் உட்கார்ந்தே இருப்பார். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர் ஊர். அதன் சபை அவர்களுடையது. இதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லாமல், வகுப்பு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தே கண்டுபிடிக்கும்படி விடலாம்.

இரண்டாம் பாடவேளையில் தேர்தல். ஊருக்கு முப்பது குடும்பு, அதாவது வார்டு. வகுப்புக்கு ஆறு போதும். இம்முறை எல்லோர் பெயரும் ஓலையில் ஏறட்டும். குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை அழைத்து ஒரு கட்டை எடுக்கச் செய்ய வேண்டும். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் குலுக்கி, ஓர் ஓலை. அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. எதற்காக இப்படி ஒரு விதி என்று கேட்டால், விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருப்பான் என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அப்படியானால் அதற்கு முன் யாரோ ஒளித்து வைத்திருக்கக்கூடும் அல்லவா? ஒரு விதிக்குப் பின்னால் ஒரு தகராறு இருந்திருக்கலாம் என்று ஊகிக்கவும், அது ஊகம்தான் என்று தெரிந்துவைத்திருக்கவும் இங்கே ஒருசேரப் பழகுகிறார்கள்.

உத்திரமேரூரில் இப்படித் தேர்வான முப்பது பேரிலிருந்து பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு பத்தி எழுத வேண்டும்: இதை மக்களாட்சி என்று சொல்லலாமா, கூடாதா, எந்த விதியை வைத்துச் சொல்கிறாய். இரண்டு பக்கத்துக்கும் முழு மதிப்பெண் உண்டு. விதியைச் சுட்டாத பத்திக்கு மட்டும் குறைக்கலாம். மற்ற நான்கு வேலைகளுக்கும் இதே முறைதான். ஓவியம், அலங்காரம், அட்டைக்கு மதிப்பெண் வேண்டாம்.

தட்டில் விழுந்த சோறு

ஐந்தாவது, வாய்மொழி வரலாறு. ‘உங்க காலத்துல எப்படி இருந்துச்சு?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘அந்தக் காலம் போல வருமா’ என்ற பதில்தான் கிடைக்கும். ஒரே ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் சோறு என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் பொருள். 1920-இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிறிய அளவில் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். காலச் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு. இந்த நான்கு ஆண்டுகளையும் மாணவர் முதலில் தெரிந்துகொண்டு பேட்டிக்குப் போக வேண்டும்.

“பாட்டி, நீங்க எத்தனாவது படிச்சப்ப பள்ளிக்கூடத்துல சோறு போட்டாங்க? தட்டு நீங்க கொண்டுபோகணுமா? யாரு சமைச்சாங்க? எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்தீங்களா?” இந்த நான்காவது கேள்விக்குப் பாட்டி சற்றுப் பேசாமல் இருந்தால் மாணவரும் பேசாமல் இருக்கப் பழக வேண்டும். பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்பதும், பேட்டியை எழுதிய பிறகு அவருக்கே வாசித்துக் காட்டுவதும், பெயர் போட வேண்டாம் என்றால் போடாமலிருப்பதும் கட்டாயம். ஒரே நிகழ்வைப் பற்றி மூன்று பேரிடமாவது கேட்க வேண்டும். மூவரும் மூன்று ஆண்டுகளைச் சொன்னால் மூன்றையும் எழுதி, பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ராமேசுவரம் வட்டாரத்தில் பள்ளி நடத்துபவர்களுக்கு இதைவிட அவசரமான பொருள் ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அந்தப் பேட்டிகளை அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ள வேண்டாம். இந்த அரையாண்டு விடுமுறையிலேயே எடுத்து, ஒரு படியைப் பள்ளி நூலகத்திலும் ஒரு படியை ஊர் நூலகத்திலும் வைத்துவிடுங்கள்.