எந்தக் கம்பிக்கு எந்த விரல்?

பண்பொழியில் சாரல் பிடித்துவிட்டால் மாலைப் பொழுது வீட்டுக்குள்தான். கிடார் பழக நல்ல நேரம். பிக் இல்லாமல் விரலால் வாசிக்கும்போது 6, 5, 4-ஆம் கம்பிகளைக் கட்டைவிரலுக்கு விடுங்கள். 3-க்கு ஆள்காட்டி, 2-க்கு நடுவிரல், 1-க்கு மோதிரவிரல். சுண்டுவிரல் சும்மா இருக்கட்டும். (வீணையில் தாளக் கம்பிகளை மீட்டுவது அதுதான்!) மோதிரவிரல் முதலில் தடுமாறும். அதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். தினமும் பத்து நிமிடம், மெதுவாக, நான்கு விரலும் ஒரே அளவு சத்தம் தரும்வரை பழகுங்கள். 'இளைய நிலா' (1982) போலக் கம்பி கம்பியாகப் பிரித்து வாசிக்க இதுவே அடிப்படை. மெட்டு ஒரே கம்பியில் ஓடினால் ஆள்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி வரட்டும். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். சாரல் ஈரத்தில் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.