மேனிஃபோல்டு கசிவு: ஓர் இளம் மெக்கானிக்குக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உங்கள் பட்டறைக்கு வந்திருக்கும் பழைய அம்பாசடரில், விடியற்காலையில் இஞ்சினைக் கிளப்பியதும் ‘டக் டக்’ என்று ஓர் ஓசை எழுவதாகவும், சிறிது தூரம் ஓடி உஷ்ணம் ஏறியபின் அது தானாகவே அடங்கிவிடுவதாகவும், வால்வு இடைவெளியைச் சரிபார்த்தும் பிரயோஜனமில்லை என்றும் எழுதியிருக்கிறாய். மேனிஃபோல்டு நட்டுகளை இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்க்கலாமா என்றும் கேட்கிறாய். வேண்டாம், தம்பி. ஸ்பானரின் பலத்தால் தீரக்கூடிய வியாதியாக எனக்கு இது தோன்றவில்லை.

குளிர்ந்த நிலையில் கேட்டுச் சூட்டில் மறையும் ஓசை பெரும்பாலும் புகைக் கசிவின் லக்ஷணம். இரும்பு விரிந்து இடைவெளியைத் தானே மூடிக்கொள்வதால்தான் அது மறைகிறது. ஆயினும் அனுமானத்தோடு நின்றுவிடாதே. ஒரு நீண்ட ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை, விசிறிக்கு எட்டாதபடி, மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவேயுள்ள பேக்கிங்கின் ஓரமாக மெள்ள நகர்த்திக்கொண்டு போனால், கசியும் இடத்தில் ஓசை பளிச்சென்று பெரிதாகும். அங்கே கரும்புகைத் தடமும் படிந்திருக்குமானால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இனி, அந்த மேனிஃபோல்டு இரும்பின் சுபாவத்தைச் சொல்லுகிறேன். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையைத் தழுவி உத்தரபாராவில் உருவாகி 2014 வரை வெளிவந்த அந்த வண்டியில், நெடுங்காலம் இடம்பெற்றிருந்த 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினுக்குக் காற்று உள்ளே செல்லும் வாய்கள் இரண்டும், புகை வெளியேறும் வாய்கள் மூன்றும் ஒரே பக்கத்திலேயே அமைந்திருக்கின்றன. நடுப் புகைவாய் இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்குப் பொதுவானது. ஆகவே இரண்டு சிலிண்டரின் நெருப்பையும் அது ஒன்றே தாங்குகிறது. தண்ணீரால் குளிர்விக்கப்படும் ஹெட் நூறு டிகிரியை ஒட்டி நிற்க, அதன்மேல் பொருத்தப்பட்ட மேனிஃபோல்டோ பல நூறு டிகிரிக்கு ஏறுகிறது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் இப்படி நீண்டும் சுருங்கியும், பல்லாண்டுகள் உழைத்த பிறகு அது சற்றே வளைந்து போயிருப்பதில் ஆச்சரியம் என்ன? மேனிஃபோல்டின் துளைகள் ஸ்டட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதைப் பார்த்துத் தேய்மானம் என்று எண்ணிவிடாதே. அது நீளுவதற்கென்றே விடப்பட்ட இடம். அந்த அசைவைத் தடுத்து இறுக்கினால், இறுக்கியவன் தோற்பான். ஸ்டட் ஒடியும், அல்லது இரும்பு பிளக்கும்.

கசிவு சிறியது, வண்டி ஓடத்தானே ஓடுகிறது என்று உரிமையாளர் சொல்லக்கூடும். அங்கே நீ விட்டுக்கொடுக்கக் கூடாது. வெளிவரும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத விஷம். இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலோடு சேர்ந்துகொள்வது. பழைய வண்டிகளில் இஞ்சினுக்கும் பயணிகளுக்கும் நடுவேயுள்ள தகட்டில் ஒயர்களும் கேபிள்களும் நுழையும் துளைகளின் ரப்பர்கள் உலர்ந்து உதிர்ந்திருக்கும். மழைக்காலத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையோடு இரவில் பயணம் போகும் குடும்பத்துக்கு, தலைவலியும் மயக்கமும் எங்கிருந்து வந்தன என்றே தெரியாமற் போகலாம். ஆகையால் மேனிஃபோல்டைத் தொடும்போதே அந்தத் துளைகளையும் அடைத்துவிடு. அதற்கென்று யாரும் கேட்கக் காத்திருக்காதே.

கழற்றுவதற்கு முன் பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரையும் அப்புறப்படுத்திவிடு. பக்கத்தில் நெருப்பு வரப்போகிறது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடு. பிடிவாதமான நட்டைக் கேஸ் விளக்கால் சூடாக்கும்போது, சுடர் ஸ்டட்டின்மேல் அல்ல, நட்டின்மேல் விழவேண்டும்; நட்டு விரிந்தால்தான் பிடி தளரும். முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்று. அப்படியும் ஸ்டட் ஒடிந்துவிட்டால், நடுவிலே துளையிட்டு ஈஸி அவுட்டைப் போடுவதற்கு முன் இருமுறை யோசி; உள்ளே அது ஒடிந்தால் துளையிடவும் வழியில்லாமற் போகும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டின்மேல் ஒரு புதிய நட்டைப் பற்றவைத்து, அந்தச் சூட்டோடேயே மெள்ளத் திருகுவது எனக்கு உகந்த முறை.

பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டாதே, காற்றடித்து ஊதாதே. நனைத்துப் பிசிறில்லாமல் எடுத்து ஓர் உறையில் கட்டிவிடு.

மேனிஃபோல்டு கைக்கு வந்ததும், அதன் முகத்தில் எஃகுத் தட்டளவுகோலை வைத்து ஃபீலர் கேஜால் பார். கால் மில்லிமீட்டர் கேஜ் நுழையுமானால், எந்தப் பேக்கிங்கும் அந்த வளைவை நெடுநாள் சகிக்காது. சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்ய அனுப்பிவிடு. மேனிஃபோல்டின் காற்றுக் குழலையும் புகைக் குழலையும் தனித்தனியே அனுப்பாதே. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தே முகம் சீர்செய்யவேண்டும். ஏனெனில், ஒரே தடித்த வாஷர் இரண்டு குழல்களின் காதுகளையும் சேர்த்து அமுக்குகிறது. ஒரு காது மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் வாஷர் உயர்ந்ததை மட்டும் அமுக்கி, தாழ்ந்ததைச் சும்மா விட்டுவிடும். ‘புதுப் பேக்கிங் போட்டும் கசிகிறது’ என்று திரும்பி வரும் வண்டிகள் பலவற்றுக்கு இந்தச் சூக்ஷ்மமே காரணம். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய மேனிஃபோல்டு வாங்குவாயானாலும் அளவுகோலோடு போ.

விரிசல் கண்டால் காரணத்தை விரிசலுக்கு வெளியே தேடு. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்தோ, இஞ்சின் மவுண்டிங் அமர்ந்தோ போனால் முழுப் பாரமும் மேனிஃபோல்டின் கழுத்தில் தொங்குகிறது. அதைத் திருத்தாமல் வெல்டிங் மட்டும் வைப்பது வீண். வெல்டிங் வைப்பதாயின், விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, முழுவதையும் முன்னதாகச் சூடாக்கி, நிக்கல் ராடால் சிறுசிறு துண்டாக வைத்து, ஒவ்வொன்றையும் சூட்டோடே மெள்ளச் சுத்தியலால் தட்டி, இறுதியில் உலர்ந்த மணலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து நிதானமாக ஆறவிடவேண்டும். தண்ணீரைக் கிட்டே கொண்டுவராதே. ஹெட்டில் பொருத்தியிருக்கும்போதே வெல்டிங் வைக்கச் சிலர் யோசனை சொல்லுவார்கள், அதைக் கேளாதே.

திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டுகளைப் போடு. அவை ஸ்டட்டோடு துருவால் ஒட்டிக்கொள்வதில்லை. நடுவிலிருந்து ஆரம்பித்து இருபுறமும் மாறிமாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கு. 5/16 அங்குல ஸ்டட்டுக்கு ஏறக்குறைய 15 பவுண்டு-அடி போதும். உன் புஜபலத்துக்கு அது சொற்பமாகத் தோன்றும், தோன்றட்டும். ஆர்.டி.வி. பசையைப் புகைவாய்களின் பக்கமே கொண்டுவராதே. அந்த வெப்பத்தில் அது கருகிப்போகும்.

இஞ்சினை ஓட்டிச் சூடேற்றிவிட்டு, இரவு முழுதும் ஆறவிட்டு, மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை எல்லா நட்டுகளையும் அதே கிரமத்தில் பார். பேக்கிங் முதற்சூட்டில் படிந்து தளர்ந்திருக்கும். உரிமையாளர் மாலையிலேயே வண்டியைக் கேட்பார். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இரண்டு நாள் என்று சொல்லி, கூலியிலும் அந்த இரண்டாம் நாளைச் சேர்த்துவிடு. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொருமுறை கொண்டுவரச் சொல்; அதற்குக் காசு வாங்காதே.

உன் க்ஷேமத்தை விரும்பும்,
அண்ணன்