குதிகால் முள்ளைக் கண்டு பயப்படாதே

அன்புள்ள கயல்விழிக்கு,

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுரீரென்று குத்துகிறது, பத்தடி நடந்தால் குறைகிறது, கடையில் நின்று நின்று மாலையானால் திரும்பிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். எக்ஸ்ரேயில் எலும்பு முள்ளாக வளர்ந்திருப்பதைப் பார்த்து, அதை வெட்டி எடுத்தால்தான் வலி தீருமோ என்று கலங்கியும் இருக்கிறாய். நீ சொல்லும் அடையாளங்கள் எலும்பைவிட அதன் அடியிலுள்ள நாரையே காட்டுகின்றன. அந்த நார் தாங்கக்கூடியதைவிடச் சுமை மிஞ்சும்போது இந்த வலி வருகிறது. ஆகவே சுமையைக் குறைப்பதும் நாரை வலுவாக்குவதுமே வைத்தியம்.

குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில் என்று வைத்துக்கொண்டால், இதுதான் நாண். விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கும் ஒவ்வோர் அடியிலும் இது இறுகி வளைவை உயர்த்துகிறது. ஹிக்ஸ் என்பவர் 1954-இலேயே இதை விளக்கினார். நாளெல்லாம் நிற்பதும், உடல் எடை கூடுவதும், கெண்டைக்கால் தசை இறுகிக் கணுக்கால் சரியாக மடங்காமல் போவதும் இந்த நாரின் பாரத்தைக் கூட்டுகின்றன. இரவெல்லாம் தளர்ந்து கிடந்த நாரின்மேல் காலையில் முழு எடையும் ஒரே அடியில் விழுவதால்தான் அந்த முதல் அடி அப்படிக் குத்துகிறது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த 50 பேரின் நாரை நுண்ணோக்கியில் ஆராய்ந்த லெமாண்ட் குழுவினர், அங்கே அழற்சியைக் காணவில்லை, நார் நைந்து சிதைந்திருப்பதையே கண்டோம் என்று 2003-இல் எழுதினார்கள்.

‘முள் கண்ணுக்கே தெரிகிறதே’ என்று நீ கேட்கலாம். வலியே அறியாத பலருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் அதே முள் தெரியும். முள் இல்லாத பலரும் வலியால் தவிக்கிறார்கள். வலி தீர்ந்த பிறகும் முள் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு அதன்மேல் பழிபோட என்ன நியாயம்?

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். படுக்கையைவிட்டு இறங்குமுன், வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழு. உள்ளங்காலில் நார் விறைத்து நிற்பது மறுகை விரலுக்குத் தட்டுப்படும். அப்படியே 10 எண்ணி விடு; 10 முறை செய், ஒரு நாளைக்கு மூன்று வேளை. அடுத்தது வலுவூட்டும் பயிற்சி. ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் நிமிர்ந்திருக்க, கைப்பிடியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நில். 3 நொடியில் குதிகாலை உயர்த்தி, 2 நொடி நிறுத்தி, 3 நொடியில் இறக்கு. 12 முறை வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முடியாவிட்டால் இரு காலாலும் தொடங்கு. டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் இதைச் சோதித்தபோது, வெறுமனே நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட இந்த வலுவூட்டும் பயிற்சி செய்தவர்கள் மூன்றாம் மாதத்தில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள்; ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய சமமானார்கள்.

வலிக்கிற காலுக்குப் பயிற்சியா, ஓய்வல்லவா வேண்டும் என்பார்கள். ஓட்டத்தையும் நெடுநேரம் நிற்பதையும் கொஞ்ச நாள் குறைப்பது சரிதான். ஆனால் முழு ஓய்வில் நார் மேலும் வலுவிழக்கும். அளவாகச் சுமை ஏற்றினால்தான் தேறும். பயிற்சியில் வரும் வலி தாங்கும் அளவில் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் போதும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். திரும்பத் திரும்பப் போட்டால் நார் அறுபடவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்புண்டு. சூடாக்கிய செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிக்கும் கைவைத்தியத்தின் சூடு இதமாக இருக்கலாம், நாருக்கு வலு சேர்க்காது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இதைச் செய்யவே கூடாது. சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும். வீட்டுத் தரையிலும் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொள்.

‘நிற்பதுதானே என் வேலை’ என்பது உன் கடைசி மறுப்பாக இருக்கும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. நாற்காலி கேட்பது சலுகை கேட்பதல்ல, உன் உரிமை. உன்னோடு நிற்கும் எல்லாருக்கும் சேர்த்துக் கேள்.

காய்ச்சல், வீக்கம், மரத்துப்போதல், இரவில் படுத்திருக்கும்போதும் விடாத வலி, விழுந்தபின் கால் ஊன்ற முடியாமை, இரு குதிகாலும் வலித்து விடியலில் முதுகும் நெடுநேரம் இறுகிக் கிடப்பது — இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போ. இல்லையென்றால் பொறுமையாகத் தொடர். பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே ஓராண்டுக்குள் குணமாகிறது. ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லையே என்று விட்டுவிடாதே, மூன்று மாதம் முழுதாகச் செய்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா