கார் கொதித்தால்: எஞ்சின் சூடும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய முதல் ஒரு வாகனம்தான். பாவித்த சிறிய வானாக இருக்கலாம், உறவினர் விட்டுப்போன ஒஸ்ரின் காராக இருக்கலாம். மீன் ஏற்றுவதும் மரக்கறி சந்தைக்குப் போவதும் வாடகை ஓட்டமும் அதில்தான். எஞ்சின் ஒரு தடவை அளவுமீறிச் சூடாகி ஹெட் வளைந்துவிட்டால், பல மாத உழைப்பு கராஜுக்குப் போய்விடும். பெரும்பாலும் அந்தச் சேதம் கொதித்த பிறகு அவசரப்படுவதால்தான் வருகிறது.

எரிபொருள் எரியும்போது வரும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் வெளியே கொண்டுபோகிறது. பம்ப் அதை எஞ்சினுக்குள் சுற்றவிடும். சூடான தண்ணீர் ரேடியேற்றருக்கு வந்து, காற்றுப்பட்டு ஆறித் திரும்பும். இடையில் தேர்மோஸ்ரற் என்றொரு சிறு கதவு உண்டு. எஞ்சின் சுமார் 82 முதல் 88 பாகை வரை சூடேறிய பிறகே அது திறக்கும். ரேடியேற்றர் மூடி தண்ணீரை அமுக்கத்தில் வைத்திருப்பதால், இன்றைய கார்களில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. 120 பாகை அளவில்தான் கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அந்த அமுக்கம் ஒரேயடியாகப் போய், தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். கையும் முகமும் வெந்துபோவது இப்படித்தான்.

ஆகவே முள் சிவப்புக்குப் போனாலோ ஆவி வந்தாலோ ஏசியை நிறுத்துங்கள். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். குறைந்தது அரை மணித்தியாலம் காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறினால்தான் மூடியில் கை வைக்கலாம். அப்போதும் தடித்த ஈரத்துணி போட்டு, கால்வாசி திருப்பி, சீறல் அடங்கிய பிறகு முழுதாகத் திறவுங்கள். கொதித்த எஞ்சின்மேல் வாளித் தண்ணீர் ஊற்றுவதைச் சந்தியில் பலரும் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள், இரும்பு வெடிக்கும். உள்ளேயும் மெதுவாகத்தான் ஊற்றவேண்டும்.

ஏ9 வீதியில் இது நடந்தால் இன்னும் இரண்டு கவனங்கள் உண்டு. ஆனையிறவில் இரு பக்கமும் தண்ணீர் தெரியும், ஆனால் அது உப்புத் தண்ணீர். அதை ரேடியேற்றருக்குள் விட்டால் அன்றைக்கு வீடு வந்து சேரலாம். பிறகு உள்ளே அரிப்புத் தொடங்கிவிடும். முகமாலைப் பக்கம் என்றால், கிணறு தேடி வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கவே வேண்டாம். நாட்டில் மிக அதிகமாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட இடங்களில் அது ஒன்று. தாரிலேயே நின்று, போகிற வாகனத்தை மறித்துத் தண்ணீர் கேளுங்கள். ஐந்து லீற்றர் கான் ஒன்றை எப்போதும் டிக்கியில் வைத்திருப்பது நல்லது.

ஏன் சூடானது என்பதை அது எப்போது சூடானது என்பதிலிருந்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். ரவுணுக்குள் மெதுவாகப் போகும்போது சூடேறி, வெளி வீதியில் ஓடும்போது இறங்கினால் ஃபானைச் சந்தேகிக்க வேண்டும். பழைய காரில் ஃபான் பெல்ற் தளர்ந்திருக்கும். புதியதில் மின்சார ஃபான் சுற்றாமல் இருக்கும். மாறாக, வேகமாக ஓடும்போதோ பாரம் ஏற்றியபோதோ மட்டும் சூடேறினால் ரேடியேற்றர் அடைபட்டிருக்கலாம். ஸ்ராட் பண்ணிக் கொஞ்ச நேரத்திலேயே முள் மேலே போய், மேல் ஹோஸ் மட்டும் குளிராக இருந்தால் தேர்மோஸ்ரற் திறக்கவில்லை என்று கொள்ளலாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் எரிபொருள் கூடச் செல்லும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி, சூடு இன்னும் கூடும். புதியது மாட்டுவதுதான் சரி.

வெளியே ஒழுக்கு இல்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் பயப்பட வேண்டியது ஹெட் காஸ்கற்றுக்குத்தான். சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வருகிறதா, ஒயில் மூடியின் உட்பக்கம் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கிறதா, ரேடியேற்றருக்குள் குமிழி விடாமல் வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓட்டவேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். இன்னொன்று: ஆவி வந்துகொண்டிருக்கும்போதே முள் திடீரென்று கீழே விழுந்தால் எஞ்சின் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சூட்டை அளக்கும் இடத்தில் தண்ணீரே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

கராஜில் “சூடாகுது அண்ணை, பாருங்கோ” என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டிவரும். எந்த வீதியில், எவ்வளவு நேரம் ஓடியபின், எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். செலவு குறையும்.

இனித் தண்ணீர் விஷயம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படை ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் படியும். குடிக்க இனிமையான கிணற்றுத் தண்ணீரும் இதில் சேரும். தீவகத்திலும் கரையோரத்திலும் உவர்ப்பும் கூடுகிறது. கூலன்ற் போத்தலில் எழுதியுள்ள அளவில் கலந்து விடுவது முதல் தரம். கலக்க, பற்றறித் தண்ணீரையோ மழைநீரையோ பாவியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழை கூரையைக் கழுவிப்போக விட்டு, பிறகு பிடித்து வடித்து மூடி வைத்தால் ஒரு வருடத்துக்குப் போதும். கிணற்றுத் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும், பிறகு மாற்றிவிடுங்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் இன்னும் எங்கள் வீதிகளில் ஓடுகின்றன. அவற்றின் துணிச்சலைப் பாராட்டலாம். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டலும் சூடும் கூடும். அப்படி ஓடிய எஞ்சினை வாங்குகிறவர்கள் ஹெட்டைப் பரிசோதிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

விடுவிக்கப்பட்ட காணிக்குள் உங்கள் பழைய வாகனமே நின்றாலும், அந்த இடம் துப்புரவானது என்று உறுதியாகும் வரை கிட்டப் போகாதீர்கள், பொனற்றைத் திறக்காதீர்கள். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். சந்தேகமான பொருள் தெரிந்தால் 119க்கு அழையுங்கள். அனுமதி கிடைத்த பிறகு ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றி, ரேடியேற்றர் இடுக்குகளில் உள்ள குளவிக்கூட்டை எடுத்து, துரு நிறம் போகும்வரை உள்ளே கழுவிய பின்பே ஸ்ராட் பண்ணவேண்டும்.

திறந்த தொட்டி உள்ள லான்ட்மாஸ்ரரில் தண்ணீர் கொதிப்பது கோளாறு அல்ல, அது ஆறுவதே அப்படித்தான். குறைய விடாமல் நிரப்பினால் போதும்.

கழற்றும் பழைய கூலன்றை வளவில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் அது விரைவாகக் கிணற்றுக்கு இறங்கும். இனிப்பாக இருப்பதால் நாயும் குழந்தையும் குடிக்கக்கூடும், அது நஞ்சு. மூடியுள்ள கானில் விட்டு, பெயர் எழுதி, கராஜில் கொடுங்கள்.