சிற்றூரில் திருமணப் புகைப்படத் தொழில்: தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் பெரியவர் ஒருவர் மறைந்தால், அவருடைய நல்ல படம் ஒன்றை எல்லோரும் தேடுவார்கள். பெரும்பாலும் அது ஏதாவது கல்யாண ஆல்பத்தில்தான் கிடைக்கும். பத்துப் பேர் நிற்கும் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்குக் கொடுப்பார்கள். சொந்தமெல்லாம் நல்ல உடையில் ஓரிடத்தில் கூடுவது திருமணத்தில்தான் என்பதால், அந்த ஆல்பமே குடும்பத்தின் ஆவணமாகிவிடுகிறது. அதைப் பொறுப்போடு உருவாக்கிக் காப்பதே இந்தத் தொழிலின் நோக்கம். அந்த நோக்கத்தை விடாமல் வருமானமும் பார்க்க முடியும். அதற்கான படிகள் இவை.

படி 1: ஒரு பருவம் உடன் சென்று கற்றுக்கொள்ளுங்கள்

கேமரா வாங்கும் முன் உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளராகச் சேருங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் இந்துத் திருமணங்கள் அரிது. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். தை முதல் ஆனி வரை உடன் சென்றால் அடிப்படை பிடிபடும்.

பந்தக்கால், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, தாய்மாமன் சீர், அம்மி மிதிப்பது, அருந்ததி பார்ப்பது என எது எப்போது வரும் என்பது ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். தேவாலயத்தில் பீடத்துக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்று பாதிரியாரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். நிக்காஹ் நடக்கும் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் புகைப்படக் கலைஞரையே பலர் விரும்புவார்கள். சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதரும் ஓமமும் கிடையாது. மாலை மாற்றுவதும் உறுதிமொழி ஏற்பதுமே தவறவிடக் கூடாத தருணங்கள்.

படி 2: அளவாக வாங்குங்கள், மாற்று ஏற்பாட்டோடு செல்லுங்கள்

கெட்டிமேளம் கொட்டி மூன்று முடிச்சு விழ ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்போது கேமரா நின்றுபோனால் பரிகாரம் இல்லை. விலையுயர்ந்த ஒரு கேமரா பாடியைவிட நடுத்தர விலையில் இரண்டு பாடிகள் மேல். இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ளதாக வாங்கி, ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 24-70 எம்எம் லென்ஸ் ஒன்று, முகங்களுக்கு 85 எம்எம் ஒன்று, இரண்டு ஃபிளாஷ், கூடுதல் பேட்டரிகள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து விளக்குகளில் பல, நொடிக்கு 100 முறை மினுங்கும். வீடியோவில் பட்டை ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என வையுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட, 2021 ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் உள்ள ஒருவரை அன்றைக்கு மட்டும் அமர்த்திக்கொள்வது நல்லது.

படி 3: கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள்

கருவிகளுக்கு 3 லட்சம் ரூபாய் ஆகிறது, அவை 5 ஆண்டு உழைக்கும், ஆண்டுக்கு 25 திருமணம் என்று வைத்துக்கொண்டால், ஒரு திருமணத்துக்குக் கருவித் தேய்மானம் மட்டும் 2,400 ரூபாய். உதவியாளர் கூலி, பயணம், எடிட்டிங், ஆல்பம் அச்சு, வேலையில்லாத மாதங்களின் கடை வாடகை எல்லாவற்றையும் சேர்த்து, உங்கள் உழைப்புக்கான கூலியையும் வைத்து விலை சொல்லுங்கள். போட்டிக்காகக் குறைத்த விலை கடைசியில் ஆல்பத்தின் தரத்தில்தான் கைவைக்கும்.

கோயிலில் எளிமையாக நடக்கும் திருமணத்துக்கென அரைநாள் பேக்கேஜ் ஒன்று இருக்கட்டும். அதில் மணி நேரமும் பக்கங்களும் குறையலாம். அக்கறை குறையக் கூடாது.

பணத்தை மூன்று தவணையாக வாங்குங்கள்: அட்வான்ஸ், முகூர்த்த நாள், ஆல்பம் தரும் நாள். கடைசித் தவணை சிறியதாக இருக்கட்டும். கல்யாணச் செலவில் களைத்த குடும்பம் மீதிப் பணத்துக்குத் தயங்கி ஆல்பத்தை வாங்காமலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

படி 4: ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்

எந்தெந்த நிகழ்ச்சிகள், எத்தனை கலைஞர்கள், ஆல்பத்தில் எத்தனை பக்கங்கள், எந்தத் தேதிக்குள், தேதி மாறினால் என்ன செய்வது, படங்களை எவ்வளவு காலம் நீங்கள் வைத்திருப்பீர்கள் என எல்லாவற்றையும் தமிழில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் பதிப்புரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருக்கே உரியது. அதனால் இன்ஸ்டாகிராமில் போடவும் கடை வாசலில் மாட்டவும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். மணப்பெண்ணிடம் தனியாகவும் கேளுங்கள். வீட்டார் சரியென்றது அவர் சம்மதம் ஆகிவிடாது.

படி 5: முகூர்த்த நாளில் முகங்களைத் தேடுங்கள்

கட்டாயம் எடுக்க வேண்டியவர்களின் பட்டியலை முந்தின நாளே வாங்கி, எல்லோரையும் அறிந்த உறவினர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வந்திருக்கும் முதியவர்கள் ஒவ்வொருவரையும் சன்னலோர வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுங்கள். மேடையேறத் தயங்கும், கணவரை இழந்த அத்தையைப் பந்தியிலோ வாசலிலோ தேடிப்போய் எடுங்கள். நாதஸ்வரக் கலைஞருக்கும் சமையல்காரருக்கும் ஆல்பத்தில் இடம் கொடுங்கள். தாலி கட்டும் நேரத்தில் மேடையை மறைக்காதீர்கள். அட்சதையோடு நிற்பவர்களுக்கும் அதைப் பார்க்கும் உரிமை உண்டு.

படி 6: அன்றிரவே பத்திரப்படுத்துங்கள்

தூங்கப் போகுமுன் படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூன்றாவது பிரதியை ஆன்லைனில் ஏற்றும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

படி 7: சக கலைஞர்களோடு சேர்ந்து நில்லுங்கள்

ஒரே முகூர்த்தத்தில் இரண்டு ஆர்டர் வந்தால் ஒன்றை நம்பகமான கலைஞருக்குக் கொடுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வரும் நாளில் அவரே வந்து நிற்பார். உதவியாளருக்கு அன்றைக்கே கூலி கொடுங்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். மாவட்டப் புகைப்படக் கலைஞர் சங்கத்தில் சேருங்கள். உள்ளூர்ப் பெண்கள் இருவருக்காவது தொழில் கற்றுக்கொடுங்கள்.

படி 8: ஊருக்குச் செய்யுங்கள்

வேலை குறைந்த ஆடியிலும் மார்கழியிலும் கிராமத்து முதியவர்களைப் படமெடுத்து அச்சிட்டுக் கொடுங்கள். இலவசமாகப் படமெடுக்கும் திருமணங்கள் ஆண்டுக்கு எத்தனை என்று முன்பே முடிவு செய்துகொண்டால் தொழிலும் தாங்கும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறையாத திருமணத்துக்கு எவ்வளவு பணம் தந்தாலும் போகாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் சொல்லுங்கள்.

படி 9: முறையாகப் பதிவு செய்யுங்கள்

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே செய்யலாம். தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் கடன் கேட்கலாம்.

சிற்றூரில் விளம்பரத்தைவிட வேகமாகப் போய்ச் சேருவது பேச்சு. அக்கா கல்யாணத்தில் நீங்கள் நடந்துகொண்ட விதமே தம்பி கல்யாணத்துக்கு உங்களை அழைத்துவரும். முதல் ஆர்டரிலிருந்தே சொன்ன தேதியில் ஆல்பத்தைக் கொடுங்கள்.