ஆவரசம்பூத் தேநீர்

இலங்கையின் உலர் வலயத்தில் தானாக வளரும் செடிகளுள் ஆவரசும் ஒன்று. சிங்கள மக்கள் இதனை ரணவரா என்பர். உலர்த்திய ஆவரசம்பூ நாடெங்கும் கடைகளில் விற்கப்படுகிறது. எழுவைதீவுக் கமக்காரரும், ஆவரசு கிடைக்குமிடத்து, இத்தேநீரைச் செலவின்றி வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம். ஆயினும் பூவை இனங்கண்டு பறித்தலும் அளவறிந்து குடித்தலும் இன்றியமையாதன.

செடியை அறிதல்

ஆவரசின் இலைக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் சோடி சோடியாக இருக்கும். பூ ஐந்து இதழ்கள் விரிந்த மஞ்சள் நிறமுடையது. காய் தட்டையானது. பசுந்தாட் பசளைக்காக வயலில் விதைக்கப்படும் சணலும் மஞ்சளாகவே பூக்கும். ஆனால் அதன் இலை தனி இலை, பூ பயற்றம்பூவின் வடிவினது, காய் உப்பியது. சணலும் கிலுகிலுப்பையும் ஓரினத்தன. இவ்வினச் செடிகளில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. 1975ஆம் ஆண்டளவில் இந்தியாவின் சர்குஜாப் பகுதியில், கிலுகிலுப்பை இனத்தின் விதை கலந்த சிறுதானியத்தை உண்டோர் பலர் ஈரல் நோயுற்று மாண்டனர். ஆகவே ஐயமுள்ள பூவைப் பறித்தலாகாது.

பறித்தலும் உலர்த்தலும்

பூச்சிநாசினி தெளித்த மரக்கறித் தோட்டத்தின் ஓரத்திலுள்ள பூவை விலக்குக. கழுவுவதால் மட்டும் நஞ்சு முற்றாக நீங்காது. பனி உலர்ந்தபின் பறித்து, பூச்சி நீக்கி, சுத்தமான துணியில் மெல்லியதாகப் பரப்பி, நொறுங்கும் பதம் வரும்வரை நிழலில் உலர்த்துக. கடற்காற்று ஈரத்தைச் சேர்க்குமாதலின், உலர்ந்த பூவை உடனே போத்தலில் இட்டு இறுக மூடுக. பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுக.

தேநீர் ஆக்கும் முறை

ஒரு கோப்பைக்கு உலர்ந்த பூ ஒரு தேக்கரண்டி போதும். உவர்நீர் சுவையைக் கெடுக்கும். நன்னீரையே கொதிக்க வைத்துப் பூவின்மேல் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்து வடிக்கவும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தல் நம்மூர் வழக்கம். நீரிழிவு உள்ளவர் பனங்கட்டியைத் தவிர்க்க வேண்டும்.

நன்மையும் எல்லையும்

இது வெயிலில் உழைத்தோரின் தாகத்தைத் தணிக்கும். தேயிலையைப்போல் நித்திரையைக் கெடுக்காது. நாட்டு வைத்தியத்தில் நீரிழிவுக்கும் நீர்க்கடுப்புக்கும் வழங்கப்படுகிறது. விலங்குகளில் செய்த சோதனைகளில் இரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மையே. அதனால் வைத்தியர் தந்த மருந்தை நிறுத்துதல் ஆபத்தானது. மருந்தோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கவும் கூடும்.

மேலும், 1981இல் வெளியான இலங்கை ஆய்வொன்று ஆவரசிலும் ஈரலுக்குத் தீங்கான பொருள் இருப்பதாக அறிவித்தது. எனவே இதனை நாள்தோறும் குடியாது, இடையிடையே ஒரு கோப்பையுடன் நிறுத்துவது நன்று. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர், ஈரல் நோயாளர் ஆகியோர் முற்றாகத் தவிர்க்க வேண்டும். நாள்தோறும் குடிக்க விரும்புவோர்க்கு மல்லியும் இஞ்சியும் இட்டுக் கொதிக்கவைத்த குடிநீரே தக்கது.

கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், சிறுநீர் கருமையாதல் ஆகிய குறிகள் தோன்றின் தேநீரை உடனே நிறுத்தி வைத்தியரை நாடுக. எழுவைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் படகேறியே செல்ல வேண்டும். ஆகையால் நோய் முற்றும்வரை காத்திராது, முதற் குறியிலேயே புறப்படுதல் உயிரைக் காக்கும்.